சபைக்குச் சொந்தமான எடை

தாமிரபரணிக் கரை ஜனங்களுக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் சிவசண்முகம் பிள்ளை. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து பென்ஷன் வாங்கியவர். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் இலைக்கு முன்னாலிருந்து எழுந்திருக்க முடியாமல், இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டபோது அவருக்கு இந்த ஞானம் உதித்தது. உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுகிற தனக்கே இத்தனை கஷ்டம் என்றால், வயலிலும் ரோட்டிலும் ஓடியாடித் திரிகிற ஜனங்கள் பாடு என்ன, அவர்களுக்குப் புத்தி சொல்ல யார் இருக்கிறார்கள் என்று நினைத்து அவர் மனசு இளகிப் போயிற்று. மறுவாரமே திருநெல்வேலி தெற்கு ரத வீதியில் ஒரு மாடி வீட்டைப் பிடித்து, ‘தேகபுஷ்டி விருத்தி சபை’ என்று பலகை மாட்டினார்.

உழைக்கிறவர்கள் என்ன தின்ன வேண்டும், என்ன கனம் இருக்க வேண்டும் என்று நிர்ணயிப்பது சபையின் நோக்கம். வக்கீல்களும் மிராசுதார்களும் அங்கத்தினர்களாகச் சேர்ந்தார்கள். உழைக்கிறவர்கள் யாரையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் தீர்மானம் ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று பயந்தார்கள். காரியதரிசியாக வந்தவர் பாளையங்கோட்டை டாக்டர் ஞானசிகாமணி. அவரிடம் சீமையில் அச்சான புஸ்தகம் ஒன்று இருந்தது. இன்ன உயரத்துக்கு இன்ன எடை என்று அதில் ஒரு அட்டவணை உண்டு. அந்த அட்டவணைப்படி பார்த்தால் சிவசண்முகம் பிள்ளை ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆளும் ஒரு கைக்குழந்தையும். ஆனால் அட்டவணை நடமாடுகிற தேகங்களுக்குத்தான், பிள்ளையவர்களுடையது நிலைபெற்ற தேகம், அதற்கு அட்டவணை கிடையாது என்று டாக்டர் விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கத்தைச் சபை ஏகமனதாக ஒப்புக்கொண்டது. பிறகு பஜ்ஜி வந்தது.

தாணுமாலையன் இந்தச் சபையில் மாட்டிக்கொண்டது அவன் ஓடின ஓட்டத்தால்தான். வள்ளியூரில் தபால் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, சலங்கை கட்டின கம்பைக் குலுக்கியபடி ராதாபுரம் வரை ஓடுகிற ரன்னர் அவன். காய்ந்த பனைமட்டை மாதிரி உடம்பு, நீளக் கால். அந்த வருஷம் சித்திரையில், ராதாபுரத்துப் பக்கமுள்ள தன் நிலத்தைப் பார்க்கப் போன சிவசண்முகம் பிள்ளையின் வில்வண்டி நடுவழியில் அச்சு முறிந்து உட்கார்ந்துவிட்டது. பிள்ளைவாள் ஒரு பனை நிழலில் ஜமக்காளத்தை விரித்துத் தூக்குச்சட்டியைத் திறந்தார். அந்நேரம் அந்த வழியே வந்த தாணுமாலையன், பை கையிலிருக்கும்போது நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓடி, ராதாபுரத்தில் பையைக் கொடுத்து, ஒரு தச்சனையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தான். பிள்ளைவாள் அப்போதுதான் தயிர்சாதத்துக்கு வந்திருந்தார்.

அவர் அசந்துபோனார். என்ன சாப்பிடுகிறாய் என்று விசாரித்தார். காலையில் பழையதும் கருவாடும், ராத்திரி கம்பங்களி, வழியில் யாராவது பனையேறி கொடுத்தால் பதநீர் என்று தாணுமாலையன் சொன்னான். பிள்ளைவாளுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படிக் கண்டதைத் தின்றுவிட்டே இந்த ஓட்டம் ஓடுகிறவன், சாஸ்திரப்படி சாப்பிட்டால் எப்படி ஓடுவான் என்று யோசித்தவர், அந்த யோசனையை விடவே இல்லை.

டில்லியில் முடிசூட்டு தர்பார் நடக்கப் போகிறது, அதையொட்டிப் பாளையங்கோட்டை மைதானத்தில் ஓட்டப் பந்தயம் உண்டு என்று ஐப்பசியில் தண்டோரா போட்டார்கள். சபையின் பெருமையை நிலைநாட்ட இதைவிட்டால் சமயமில்லை. பந்தயத்தில் ஓட அங்கத்தினர்களில் ஆள் தேடினார்கள். மாடிப்படி ஏறி வருகிறவர்களே குறைவு என்பதால் தாணுமாலையனுக்கு ஆளனுப்பினார்கள். அவனுக்கு லீவு வாங்கிக் கொடுப்பது பிள்ளைவாளுக்குப் பெரிய காரியமில்லை. அவன் இடத்தில் ராதாபுரம் போஸ்ட்மாஸ்டரின் மச்சினன் ஒருத்தன் தற்காலிகமாக ஓடுவதாக ஏற்பாடு. ஊரில் ஒருத்தரும் தன்னைக் கூப்பிட்டு இன்னதைச் செய் என்று கேட்டதில்லை, இப்போது திருநெல்வேலியே கூப்பிடுகிறது என்று தாணுமாலையனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெண்சாதி பாலம்மாளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பி வந்தான்.

முதலில் அவனை எடை போட வேண்டும். மனுஷரை நிறுக்கிற தராசு சபையில் இல்லை. பேட்டையில் அலி அக்பர் ராவுத்தரின் பஞ்சுக் கிட்டங்கிக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு தட்டில் தாணுமாலையன் குத்தவைத்து உட்கார, மறுதட்டில் படிக்கல் ஏற்றினார்கள். டாக்டர் அட்டவணையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இந்த உயரத்துக்கு இந்த எடை போதவே போதாது, இவன் உயிரோடிருப்பதே அட்டவணைக்கு விரோதம் என்றார். அதுவரை தனக்கு ஒரு குறையுமில்லை என்று நினைத்திருந்த தாணுமாலையனுக்கு அன்றுதான் லேசாகத் தலை சுற்றியது.

அடுத்து ஆகாரம். கோழிமுட்டையும் ஆட்டுக்கால் சாறும் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் புஸ்தகத்தைப் பிரித்தார். சைவச் சபையில் முட்டை என்கிற சொல்லே கூடாது என்று பிள்ளைவாள் எழுந்துகொள்ளப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தபடியே ஆட்சேபித்தார். இரண்டு நாள் வாதம் நடந்தது. கடைசியில், முட்டைக்குப் பதிலாக முட்டை வடிவத்தில் உள்ள சைவப் பதார்த்தம் கொடுப்பது என்று ராஜியானார்கள். சமையல்காரர் பாபநாசம் தினமும் கத்தரிக்காயை அவித்துத் தோலுரித்து வைத்தார். அதோடு நெய், உளுந்தங்களி, பாதாம் அரைத்த பால், இன்னும் கொஞ்சம் நெய்.

தின்றால் மட்டும் ஆயிற்றா? மென்று தின்ன வேண்டும். வாயில் எத்தனை பல்லோ அத்தனை முறை ஒவ்வொரு கவளத்தையும் மெல்ல வேண்டும் என்பது சபையின் முதல் விதி. பிள்ளைவாளுக்குப் பல் அநேகமாகக் கொட்டிவிட்டதால் விதியை மீறாமலே அவர் விழுங்க முடிந்தது. தாணுமாலையனுக்கோ பூராப் பல்லும் பத்திரமாக இருந்தது. அங்கத்தினர்கள் சுற்றி உட்கார்ந்து எண்ணினார்கள். ஒருத்தர் கணக்கு இன்னொருத்தர் கணக்கோடு ஒத்துவராவிட்டால் முதலிலிருந்து மெல்லச் சொன்னார்கள். பாலையும் மோரையும் மெல்லச் சொன்னபோது அவனுக்கு அழுகை வந்தது. காலைச் சாப்பாட்டை மென்று முடிப்பதற்குள் மத்தியானச் சாப்பாடு வந்துவிடும். தாடை வலி தாங்காமல் ராத்திரியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கினான்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டான். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. வந்த மறுநாள் விடிந்ததும், பழக்கத்தில் வேட்டியை இறுக்கிக்கொண்டு ரத வீதியைச் சுற்றி ஓடக் கிளம்பியவனை வாசலிலேயே மறித்துவிட்டார்கள். பிள்ளைவாள் அவனை எதிரே நிறுத்திச் சாந்தமாகச் சொன்னார்.

“ஏலே, ஓடினா தேகத்திலுள்ள சத்துச் செலவாகுமா, ஆகாதா?”

“ஆகும் எசமான்.”

“அப்ப பந்தயத்துக்கு முன்னால எதுக்கு ஓடுதே? எல்லா ஓட்டத்தையும் சேத்து வையி. அன்னைக்கு மொத்தமா ஓடு.”

தாணுமாலையன் இறுக்கின வேட்டியைத் தளர்த்தினான். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று திரும்பிப் போய் உட்கார்ந்தான். ஆனாலும் பை வருகிற வேளை வந்துவிட்டால் அவன் கால் இரண்டும் தானாகத் துடித்தன. தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இந்நேரம் ஆலமரம் தாண்டியிருப்போம், இந்நேரம் கண்மாய்க் கரை ஏறியிருப்போம் என்று மனசுக்குள்ளேயே ராதாபுரம் வரை போய்ச் சேருவான். ஓட்டத்தைப் பற்றி அவனுக்கு அறிவு ஊட்டுவதற்காகச் சாயங்காலங்களில் ஒரு வக்கீல் பிரசங்கம் செய்தார். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்பதிலேயே அவருக்கு ஒரு வாரம் ஓடியது.

கார்த்திகை பிறந்ததும் மறுபடியும் பேட்டைக்குப் போனார்கள். தாணுமாலையன் ஏறி உட்கார்ந்ததும் தட்டு தொப்பென்று தரையில் இடித்தது. ராவுத்தர் படிக்கல்லை அடுக்கிக்கொண்டே போனார். கையை உதறிவிட்டு, “என்ன வே, ஆளை நிறுக்கச் சொன்னிய, பொதியைக் கொண்டு வச்சிருக்கியளே” என்றார். டாக்டரும் திடுக்கிட்டார். அட்டவணையின் அந்தப் பக்கம் எகிறிவிட்டது எடை.

சபையில் அவசரக் கூட்டம் போட்டார்கள். எடையை இறக்க ஒரு உபகமிட்டி நியமித்தார்கள். எடையை ஏற்றுகிற பழைய உபகமிட்டியைக் கலைக்கலாமா என்று கேள்வி வந்தது. அதன் தலைவர் பிள்ளைவாளின் சம்பந்தி. அதனால் அதையும் வைத்துக்கொண்டார்கள். ஆக, காலையில் ஏற்றுகிறவர்கள் வந்து நெய்யும் களியும் ஊட்டினார்கள். சாயங்காலம் இறக்குகிறவர்கள் வந்து விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். இரண்டு தரப்பாருமே தங்கள் வேலை முன்னேறுவதாகச் சபைக்குத் தெரிவித்தார்கள். தாணுமாலையன் வயிறு மட்டும் தொங்கியது, மற்றதெல்லாம் வற்றியது. கொல்லைப்புறத்துக்கும் கூடத்துக்கும் நடப்பதே அவனுக்குப் பெரிய பிரயாணமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பாலம்மாள் வந்து சேர்ந்தாள். கம்பங்களியும் கருவாட்டுக் குழம்பும் சட்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நிறுக்காத ஆகாரம் உள்ளே போகக் கூடாது என்று வாசலிலேயே சட்டியை வாங்கிக்கொண்டார்கள். குழம்பைப் பரிசோதிக்க டாக்டரும் இரண்டு அங்கத்தினர்களும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளேயிருந்து வந்த வாசனை சைவமா இல்லையா என்று சந்தேகப்பட்ட பிள்ளைவாள், அந்தப் பக்கம் திரும்பாமலே இருந்துவிட்டார். பரிசோதனை முடிந்து சட்டி வெளியே வந்தபோது, அதைக் கழுவ வேண்டிய அவசியம்கூட இல்லை.

கூடத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, அவன் யாரோ என்று தாண்டிப் போன பாலம்மாள், அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு திரும்பினாள். அவன் வயிற்றைப் பார்த்தாள்.

“உடம்பை யாருக்குக் குத்தகைக்கு விட்டிய?” என்றாள்.

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் ஊர் விஷயத்தைச் சொன்னாள். போஸ்ட்மாஸ்டர் மச்சினனுக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. பந்தயம் முடிந்த மறுநாள் தாணுமாலையன் வந்து, வழக்கமான நேரத்துக்குப் பையைச் சேர்க்காவிட்டால், அந்த ஆளையே நிரந்தரமாக வைத்துவிடுவதாகப் போஸ்ட்மாஸ்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகு அவனுக்குப் பாலோ பாதாமோ இறங்கவில்லை. ஏற்றுகிற உபகமிட்டி அதைக் கலகம் என்று குறித்துக்கொண்டது.

பந்தய நாளன்று மைதானத்தில் தோரணம், பாண்டு வாத்தியம், ஜனக்கூட்டம். பிள்ளைவாளை வண்டியிலிருந்து இறக்கி மேடைக்குக் கொண்டுவருவதற்குள் பந்தயத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் களைத்துவிட்டார்கள். ஓட்டம் தொடங்குமுன் அவர் நாலு வார்த்தை பேசினார்.

“மகாஜனங்களே! இதுவரை மனுஷர் பசித்தால் சாப்பிட்டார்கள். இது மிருகங்களின் வழக்கம். எங்கள் சபை வந்த பிறகுதான் பசிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபித்தோம். நான் எந்தக் காலத்திலும் பசித்துச் சாப்பிட்டதில்லை. ஆகாரத்தைக் கட்டுப்படுத்துவது சுலபமில்லை என்கிறார்கள். இவன் ஆகாரத்தை நான் ஒன்றரை மாசமாகக் கட்டுப்படுத்தி வருகிறேன். எனக்கு ஒரு கஷ்டமும் தெரியவில்லை.”

கைதட்டினார்கள். பேச்சு நாலு வார்த்தையோடு நிற்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் கொடியை அசைத்தார்கள்.

தாணுமாலையன் ஓடினான். அதை ஓட்டம் என்று அவன் கால்களே ஒத்துக்கொள்ளவில்லை. கால் ஒரு பக்கம் போக நினைக்க வயிறு மறுபக்கம் இழுத்தது. ஒவ்வொருத்தராக அவனைத் தாண்டிப் போனார்கள். பந்தல்கால் நட வந்த கூலியாள் ஒருத்தன்கூட வேடிக்கைக்காகச் சேர்ந்து ஓடி அவனைத் தாண்டினான். யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் அவமானமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவனுக்கென்று இருந்தது அந்த ஓட்டம் ஒன்றுதான். பாண்டு வாத்தியக்காரர்கள் வாத்தியங்களை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது அவன் கடைசிக் கோட்டைத் தொட்டான்.

சபை அங்கேயே பந்தலுக்குள் கூடியது. சேர்த்து வைத்த ஓட்டம் இன்னும் முதிரவில்லை, அடுத்த பந்தயம் வரை தாணுமாலையன் சபையிலேயே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தாணுமாலையன் கைகட்டி நின்று, ஊருக்குப் போக உத்தரவு வேண்டும், நாளைக்குப் பை எடுக்காவிட்டால் பிழைப்புப் போய்விடும் என்று கேட்டான்.

பிள்ளைவாள் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

“நீ போறதுக்கு ஆட்சேபணை இல்லலே. வந்தப்ப உனக்கு இருந்த எடை உன்னோடது. அதுக்கு மேல உள்ளது சபையோட நெய்யி, சபையோட பாலு. சபைக்குச் சொந்தமான எடையை நீ எப்படி ராதாபுரத்துக்குத் தூக்கிட்டுப் போவே?”

இரண்டு வக்கீல்கள் இதில் சட்டப்படி பிசகில்லை என்றார்கள். தாணுமாலையன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தான். எது தன்னுடையது, எது சபையுடையது என்று பிரித்துப் பார்க்க முயன்றான். பிறகு நிமிர்ந்து, அத்தனை நாளில் முதல்முறையாகப் பிள்ளைவாள் கண்ணைப் பார்த்துப் பேசினான்.

“எனக்கும் அது வேண்டாம் எசமான். போற வழியில எறக்கி வச்சிட்டுப் போறேன். ஆளனுப்பி எடுத்துக்கிடுங்க.”

சொல்லிவிட்டுத் தெற்கே பார்த்து நடந்தான். கொஞ்ச தூரம் போய் ஓட்டமாக்கினான். அவன் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான். சபையும் நம்பிக்கையோடுதான் எடுத்துக்கொண்டது. எடையை எங்கே இறக்குகிறான் என்று பார்த்து வர, சமையல்காரர் பாபநாசத்தை ஜட்காவில் பின்னால் அனுப்பினார்கள். மேலப்பாளையத்தில் ஹமீது பீவி ஆப்பக்கடை வாசலில் தாணுமாலையன் மூச்சு வாங்கி உட்கார்ந்திருந்தபோது ஜட்கா வந்து நின்றது. பாபநாசம் இறங்கி அவனருகே உட்கார்ந்தார். இரண்டு பேரும் மெல்லாமல் ஆப்பம் தின்றார்கள். தன் சமையலைத் தானே தின்று தனக்கும் வயிறு கெட்டுவிட்டது என்று பாபநாசம் சொன்னார். ஜட்காவை அப்படியே நாங்குநேரி வரை ஓட்டச் சொல்லி அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி, வழிநெடுகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்று சபையில் தெரிவித்தார்.

மறுநாள் வள்ளியூரில் தாணுமாலையன் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினான். ஊர் எல்லை தாண்டியதும் மூச்சு முட்டி நின்றுவிட்டான். ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு, இனி முடியாது என்று நினைத்த நேரத்தில், மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாலம்மாள் வந்தாள். பையை அவன் தோளிலிருந்து எடுத்துத் தன் தோளில் போட்டாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள். கோடையில் தூரத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து பழகின கால்கள். வெறுங்கையோடு அவள் பின்னால் ஓடிய தாணுமாலையனுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் அவள் ஓடுகிற வேகத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது.

“பையப் பைய போ, நான் வர வேண்டாமா?” என்றான்.

“பேசினா மூச்சுப் போயிரும். பேசாம வாங்க” என்றாள் அவள்.

ராதாபுரத்து முதல் வீடு கண்ணில் பட்டதும் பை தோள் மாறியது. போஸ்ட்மாஸ்டர் மணியைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், பையை வாங்கிக்கொண்டார். தை மாசம் வரை அப்படித்தான் நடந்தது. பாலம்மாள் சுமக்கிற தூரம் நாளுக்கு நாள் சுருங்கி, ஒருநாள் அவள் பனையடியில் காத்திருக்க, அவன் நிற்காமலே கையை ஆட்டிவிட்டு ஓடிப் போனான். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

சபையின் வருஷக் கூட்டத்தில், வள்ளியூர் ரஸ்தாவில் சிந்திப்போன எடையைத் திரும்பப் பெற வழியில்லை என்று தள்ளுபடி செய்தார்கள். மற்றபடி பரீட்சை வெற்றி என்று முடிவானது. ஓடுகிற ஒருவனை ஒன்றரை மாசத்தில் ஓடாமல் செய்ய முடிந்தது சாதாரணக் காரியமா என்று டாக்டர் கேட்டபோது யாராலும் மறுக்க முடியவில்லை. அந்த அனுபவத்தையெல்லாம் திரட்டி ‘உழைப்பாளி ஜனங்களுக்கு ஆகார யோசனை’ என்று புஸ்தகமாக அச்சடித்து, ஜில்லா முழுக்க இலவசமாக அனுப்பினார்கள்.

ராதாபுரத்துக்கு வேண்டிய புஸ்தகக் கட்டு மாசியில் வள்ளியூர் வந்து சேர்ந்தது. அன்று பை தோளை அறுத்தது. தாணுமாலையன் நின்று நின்று தோள் மாற்றி, வழக்கத்தைவிடத் தாமதமாக வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். அவன் தோளில் கன்றியிருந்த இடத்தில் எண்ணெய் தடவியபடி, அப்படி என்ன சாமான் வந்தது என்று பாலம்மாள் கேட்டாள்.

“நாம என்ன திங்கணும்னு எழுதியிருக்காவளாம்.”

“அதுக்கா இம்புட்டுக் கனம்?”

அவள் களியைக் கிண்டிப் போட்டுக் குழிபறித்துக் குழம்பை ஊற்றினாள். அவன் தின்றான். போதுமா என்று அவள் கேட்டாள். பசி இன்னும் இருந்தது, அதனால் இன்னொரு அகப்பை போடச் சொன்னான்.